நாக்பூரில் ஊற்றிய 20 லிட்டர் தண்ணீர்: பனிக்காலத்தில் காஷ்மீர் சென்ற ஒரு ட்ரெய்லரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சங்ககிரிக்கு அருகில் உள்ள ஒரு லாரி ஷெட்டில் வண்டிகளின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. பதினொரு லாரிகளும் மூன்று ட்ரெய்லர்களும் எங்களிடம் உள்ளன. அந்த மூன்றில் ஒன்று ஒரு டிசம்பர் மாதத்தில் கோவையிலிருந்து காஷ்மீருக்குச் சரக்கு ஏற்றிச் சென்றபோது நேர்ந்ததையும், அடுத்த குளிர்காலத்தில் அதே வண்டியை அதே வழிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட ஓட்டுநர்கள் இருவரும் உரிமையாளரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே, பெயர்களை விட்டுவிட்டு இதை வெளியிடுகிறேன்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழில் விவசாயத்துக்கு இணையாக வேரோடியது. நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்குகளும் போகாத மாநிலம் இல்லை. நாமக்கல், சேலம் வழியாக நம் ஊர்களைக் கடந்து ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு முனை கன்னியாகுமரி என்றால், மறுமுனை ஸ்ரீநகர். ஆனாலும் குளிர் என்பது எங்கள் பட்டறைகளின் கணக்கில் என்றைக்கும் இருந்ததில்லை. மார்கழி விடியற்காலையில்கூடச் சங்ககிரியில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை, வைகாசி வெயிலில் வண்டி சூடேறாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலையெல்லாம். அந்தக் கவலையிலிருந்து பிறந்த ஒரு பழக்கம்தான் இந்த நிகழ்வின் வேர் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

வண்டி, பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வகை இழுவை வண்டியும் 40 அடித் திறந்த ட்ரெய்லரும் சேர்ந்தது. சரக்கு, கோவையில் செய்யப்பட்ட கல் அரைக்கும் இயந்திரத்தின் பகுதிகள். எடை ஏறத்தாழ 24 டன். இறக்க வேண்டிய இடம், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தெற்கு வாசலான காசிகுண்டுக்கு அப்பால், அனந்தநாக் மாவட்டத்தில் ஒரு கட்டுமானத் தளம். மூத்த ஓட்டுநருக்கு வயது 48. தொப்பூர் கணவாயிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையிலும் முழு லோடோடு இறங்கிப் பழகியவர். ஜம்மு வரை பலமுறை சென்றிருக்கிறார். குளிர்காலத்தில் அதற்கு மேல் ஏறியதில்லை. உடன் சென்ற இளைய ஓட்டுநர் அவருடைய தங்கை மகன்.

புறப்படுமுன் செய்தவை

நீண்ட பயணத்துக்கு வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் செய்தோம். ஆயில், ஃபில்டர்கள் மாற்றினோம், கிரீஸ் அடித்தோம், பிரேக்கைச் சரிசெய்தோம், டயர் அனைத்துக்கும் 120 பி.எஸ்.ஐ. காற்று வைத்தோம், தார்ப்பாயும் கயிறும் புதிதாகக் கொடுத்தோம். ரேடியேட்டரில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். அதற்குள் இருப்பது என்ன என்று பார்க்கவில்லை. குளிருக்கென்று தனியாக நாங்கள் செய்தது, ஓட்டுநர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கம்பளியும் ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுத்தது மட்டுமே.

வழியில்

மூன்றாம் நாள் நாக்பூரைத் தாண்டியதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் விரிசல் கண்டு ஒழுகியது. ஓட்டுநர் வெப்பமானி ஏறுவதைக் கண்டவுடன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சாலையோரப் பட்டறையில் ஹோஸை மாற்றிக்கொண்டு, இழந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். மூன்று முறை வாளியில் கொண்டுவந்து ஊற்றியதாகவும், ஏறத்தாழ 20 லிட்டர் இருக்கும் என்றும் பின்னர் கூறினார். எனக்குத் தொலைபேசியில் சொன்னது, "ஹோஸ் போயிருச்சு தம்பி, மாத்தியாச்சுங்க" என்ற ஒரே வரிதான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன்பின் பஞ்சாப் வரை வண்டி குறையின்றி ஓடியது. உதம்பூரில் கனரக வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்த மலைப்பாதையில் பனிக்காலத்தில் கனரக வண்டிகளை ஒரு நாள் ஒரு திசையிலும் மறுநாள் எதிர்த்திசையிலும் விடுவது வழக்கம். ஒன்றரை நாள் காத்திருந்தபோது கைபேசிகளுக்கு மின்னேற்றம், கேபின் விளக்கு, இன்வெர்ட்டரில் சுடுதண்ணீர்க் கெட்டில் என எல்லாமே பேட்டரியில்தான் ஓடின. பிறகு செனானி–நாஷ்ரி சுரங்கம், ராம்பன், பனிஹால், அதையடுத்து 8.45 கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் ஆகியவற்றைக் கடந்து, இரவு எட்டரை மணிக்குக் காசிகுண்டில் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்று அழைக்கும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21 அன்று தொடங்கும். எங்கள் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தது அதற்கு மறுநாள்.

காசிகுண்டில் அந்தக் காலை

காலை ஆறரை மணிக்கு இளைய ஓட்டுநர் சாவியைத் திருப்பியபோது செல்ஃப் மோட்டார் இரண்டு சுற்று இழுத்து நின்றுவிட்டது. கைபேசி காட்டிய வெப்பநிலை மைனஸ் 6. அக்கம்பக்கத்தில் நின்றிருந்த வெளிமாநில ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே குரலில் டீசல் உறைந்துவிட்டது என்றார்கள். அவர்களில் ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டு, பழைய துணியை டீசலில் நனைத்து ஒரு தகரத்தில் வைத்து, டீசல் டேங்குக்கும் எஞ்சின் சட்டிக்கும் அடியில் இளையவர் தீ மூட்டினார். மூத்தவர் அப்போது தண்ணீர் தேடிப் போயிருந்தார். அந்தப் பக்கமாக வந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் ஓடிவந்து காலால் தகரத்தை இழுத்துத் தள்ளினார். அதற்குள் சட்டகத்தை ஒட்டிச் சென்ற நைலான் ஏர் பைப் ஒன்று இளகிப் பொத்துவிட்டது. டேங்குக்கும் தீக்கும் நடுவே இருந்தது ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

எனக்கு அழைப்பு வந்தபோது மணி ஏழே முக்கால். டீசல் ஃபில்டரின் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னேன். டீசல் குளிரில் கெட்டியாகும்போது அதிலுள்ள மெழுகு பிரிந்து, முதலில் பால்போல் கலங்கி, பின்னர் ஃபில்டரை அடைக்கும். கிண்ணத்தில் டீசல் தெளிவாகவே இருந்தது. அதன்பின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன். மூத்த ஓட்டுநர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் செய்தார். கம்பி உள்ளே இறங்கும்போது கேட்ட நறநறவென்ற ஓசை எனக்கே கேட்டது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் வெளிறிய பச்சை நிறத்தில் பனிக்கூழ் ஒட்டிக்கொண்டிருந்தது. "கரும்புப்பால் ஐஸ் கணக்கா வருதுங்க தம்பி" என்றார் அவர்.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தீ எந்த வடிவிலும் கூடாது என்பது. அதில் யாருக்கும் மாறுபாடு இல்லை.

இரண்டாவது முடிவில்தான் நான் தவறினேன். உறைந்த கூலன்ட் தானாக இளகும் வரை எஞ்சினைத் தொடக்கூடாது என்று நான் முதலில் சொன்னது சரி. ஆனால் தளத்தில் கிரேன் மணிக்கணக்கு வாடகையில் நின்றிருந்தது. சரக்கு வாங்குபவர் உரிமையாளரை அழைக்க, உரிமையாளர் என்னை அழைத்தார். பத்தரை மணிக்கு வெயில் லேசாகத் தெரிந்தது. கம்பியும் சற்று எளிதாக இறங்கியது. வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். எஞ்சின் சூட்டில் மீதியும் கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணம் பிழையானது. எஞ்சினுக்குள் இருக்கும் நீர் சூடேறும். ரேடியேட்டரின் அடிப்பகுதியில் அடைத்துக்கொண்டிருக்கும் பனிக்கூழுக்கு அந்தச் சூடு போய்ச் சேர நீர் சுழல வேண்டும். சுழல விடாமல் தடுப்பதே அந்தக் கூழ்தான். ஸ்டார்ட் ஆனவுடன் பெல்ட் கிறீச்சிட்டது. வாட்டர் பம்பின் இறக்கைகள் பனியில் சிக்கியிருந்தன. ஆறு நிமிடத்துக்குள் வெப்பமானி சிவப்புக் கோட்டை நெருங்கியது. அப்போதும் கீழ் ஹோஸ் கைவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்திருந்தது. மூத்த ஓட்டுநர் எவரையும் கேட்காமல் எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் பிழைத்தது அவருடைய அந்த முடிவால்தான்.

பிற்பகல் ஒரு மணிக்கு வெப்பநிலை 6 டிகிரிக்கு ஏறி, எல்லாம் இளகிய பிறகு சேதம் தெரிந்தது. ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் மயிரிழை விரிசல். வாட்டர் பம்பின் சீலில் கசிவு. உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடையும் என்பது பள்ளிப் பாடம். அதை எங்கள் வண்டியில் படித்தோம். அனந்தநாக்கிலிருந்து மெக்கானிக் வந்து பழுது பார்த்து, பொத்த ஏர் பைப்புக்கும் இணைப்புப் போட்டு, வண்டி தளத்துக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. கிரேனுக்கு இரண்டு முறை வாடகை கொடுத்தோம்.

இன்னும் பெரிய ஆபத்து

வண்டி திரும்பிவந்த பின், இரவுகளை எப்படிக் கழித்தீர்கள் என்று தற்செயலாகக் கேட்டபோது மட்டுமே இது வெளிப்பட்டது. காசிகுண்டில் கழித்த இரண்டாம் இரவில் குளிர் தாங்காமல், சமையலுக்கு வைத்திருந்த சிறு கேஸ் அடுப்பைக் கேபினுக்குள் பற்றவைத்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிக்கொண்டு இருவரும் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் மூத்தவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார். இளையவரை எழுப்ப நான்கைந்து முறை தட்ட வேண்டியிருந்ததாம்.

மூடிய இடத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கம் வருவதுபோலவே மயக்கம் வரும். ரேடியேட்டர் விரிசலுக்காக மூன்று நாள் தொலைபேசியில் பேசிய நாங்கள், மனிதர்கள் எங்கே, எப்படித் தூங்குகிறார்கள் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் உறுத்துவது இதுவே. அவர்கள் இருவரும் உயிரோடு வந்ததற்கு எங்கள் ஷெட் செய்த ஏற்பாடு எதுவும் காரணமில்லை.

ஷெட்டில் வைத்துப் பார்த்தபோது

காசிகுண்டில் இளகிய கூலன்டில் ஒரு புட்டியைப் பிடித்துவரச் சொல்லியிருந்தேன். அதைச் சேலத்தில் அளவியில் வைத்துப் பார்த்தபோது அதை உறையாமல் காக்கும் கிளைக்கால் திரவத்தின் பங்கு சுமார் 14 விழுக்காடு மட்டுமே இருந்தது. அந்தக் கலவை மைனஸ் 5 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். கணக்கு நேராகவே பொருந்திவந்தது. வண்டியின் குளிர்விப்பு அமைப்பு மொத்தம் 35 லிட்டர் கொள்ளும். புது வண்டியில் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தது. அது மைனஸ் 35 டிகிரிக்குக் கீழும் தாங்கும். இரண்டு கோடைகளில் இங்கே நாங்களே குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்பி நிரப்பி, அதை மூன்றில் ஒரு பங்காக இறக்கியிருந்தோம். அப்போதும் அது மைனஸ் 17 வரை தாங்கியிருக்கும். நாக்பூரில் 20 லிட்டர் போய், மீதியிருந்த 15 லிட்டரோடு 20 லிட்டர் குழாய்த் தண்ணீர் சேர்ந்தபோதுதான் வண்டி குளிரிடம் கையளிக்கப்பட்டது.

ஏன் தண்ணீர் ஊற்றினார் என்பதை விசாரித்தபோது குற்றம் ஓட்டுநரிடம் இல்லை என்பது விளங்கியது. எங்கள் ஷெட்டில் பயணச் செலவுக்கென்று கொடுக்கும் முன்பணத்தில் டீசல், சுங்கம், பஞ்சர், போலீஸ் செலவு, சாப்பாடு ஆகியவற்றுக்குக் கணக்கு உண்டு; கூலன்டுக்கு இல்லை. 10 லிட்டர் கூலன்ட் வாங்கினாலும் உரிமையாளரிடம் கேட்டு, பில் காட்டி, பின்னர் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், கைக்காசைப் போட்டுக் கூலன்ட் வாங்கும்படி ஓட்டுநரிடம் நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததைச் செய்யவில்லை என்று அவரைக் குறைகூற எங்களுக்கு உரிமை இல்லை.

மற்ற பகுதிகளையும் அவிழ்த்துப் பார்த்தோம். பேட்டரி அமிலத்தின் அடர்த்தி 1.190 இருந்தது, அதாவது பாதிச் சார்ஜ். நல்ல பேட்டரியே 27 டிகிரியில் தரும் ஸ்டார்ட் திறனில் 0 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். மைனஸ் 18-இல் அது ஏறத்தாழ 40 விழுக்காடாகக் குறையும். அதே குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிகத் திறன் கேட்கும். பாதிச் சார்ஜில் இருந்த பேட்டரி தோற்றதில் வியப்பில்லை. இன்னொன்றையும் கவனித்தோம்: முழுச் சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 60 வாக்கில்தான் உறையும், முற்றிலும் இறங்கிய பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய தண்ணீர் போன்றது, அது மைனஸ் 10-லேயே உறைந்து பெட்டி வெடிக்கக்கூடும்.

பிரேக்குக்கான காற்றைத் தேக்கிவைக்கும் ஏர் டேங்குகளின் அடித்திருகைத் திறந்தபோது எண்ணெய் கலந்த தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் வடிந்தது. அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரின் உள்கூடு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மாற்றப்படாமல் இருந்தது. அந்தத் தண்ணீர் பிரேக் வால்வில் உறைந்திருந்தால், வண்டி நின்ற இடத்திலேயே சிக்கியிருக்கும். அல்லது இறக்கத்தில் பிரேக் கிடைக்காமல் போயிருக்கும். எது நேர்ந்திருக்கும் என்பது எந்த வால்வில் உறைகிறது என்பதைப் பொறுத்தது. எங்களுக்கு இரண்டுமே நேராதது நல்லூழ்.

டீசலைப் பழித்தவர்கள் பலர் இருந்தார்கள். உண்மையில் அந்த இரவில் வண்டிக்குள் உறைந்ததும், உறைவதற்குக் காத்திருந்ததும் எல்லா இடத்திலும் தண்ணீரே.

மறு குளிர்காலத்துக்கான ஆயத்தம்

அடுத்த குளிர்காலத்தில் அதே தளத்துக்கு மீதி இயந்திரங்களைக் கொண்டுபோக அழைப்பு வந்தபோது, உரிமையாளர் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். மூத்த ஓட்டுநரே போகலாம் என்றார். ஒப்புக்கொள்ளும்முன் பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். எந்தக் குளிருக்கு ஆயத்தம் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தோம். 2024 டிசம்பர் 21 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி பதிவாகியிருந்தது. வண்டி திறந்த வெளியில், ஆற்றோரத்தில் நிற்கக்கூடும் என்பதால் மைனஸ் 20-ஐ இலக்காக வைத்துக்கொண்டோம்.

பழைய கூலன்டை முழுவதும் வடித்து, அமைப்பைக் கழுவி, பாதிக்குப் பாதி கலவையை நிரப்பினோம். தண்ணீரே கலக்காமல் ஊற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு அல்லவா என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறையும், சூட்டைக் கடத்தும் திறனும் குறைவு. தண்ணீரும் கிளைக்காலும் சேர்ந்தால்தான் இரண்டையும்விடக் கீழான உறைநிலை கிடைக்கிறது. கூலன்ட் தொட்டியின் மூடிமேல் "தண்ணீர் ஊற்றக்கூடாது" என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதினோம். கலந்துவைத்த கூலன்ட் 20 லிட்டர் கேன் ஒன்றை வண்டியிலேயே வைத்தோம். முன்பணத்தில் கூலன்டுக்குத் தனித்தொகை சேர்க்க உரிமையாளர் ஒப்புக்கொண்டார். எல்லா மாற்றங்களிலும் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுவே என்பது என் கருத்து.

பேட்டரிகள் இரண்டையும் புதிதாக மாற்றினோம். இன்வெர்ட்டரை அகற்றிவிட்டு, சுடுதண்ணீருக்கு இரண்டு பெரிய ஃபிளாஸ்க் கொடுத்தோம். ஏர் டிரையரின் உள்கூட்டை மாற்றி, தினமும் மாலையில் வண்டி சூடாக இருக்கும்போதே ஏர் டேங்குகளை வடிக்க வேண்டும் என்று விதித்தோம். காலையில் வடிக்கலாம் என்றால் அதற்குள் உறைந்திருக்கும். டீசல் ஃபில்டரில் பிரியும் தண்ணீருக்கும் அதே விதி. இரவில் பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பினால் ஈரமான லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், சமதளத்தில் நிறுத்தி, இழுவை வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நான்கு மரக்கட்டைகள் கொடுக்கச் சொன்னோம்.

டீசல் விஷயத்தில் எங்கள் வண்டி தப்பியதை வைத்து அலட்சியம் காட்டவில்லை. இந்தியத் தரவிதியின்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்கால டீசலுக்கு, ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலையின் உச்சவரம்பு 6 டிகிரி. மற்ற மாதங்களில் 18 டிகிரி. டீசல் பங்க்குகளில் கிடைக்கும் டீசல் பெரும்பாலும் அதைவிடத் தாங்கும் என்றாலும், தெற்கில் நிரப்பிய டீசலைக் காஷ்மீர் வரை சுமந்து செல்வதில் பொருளில்லை. எனவே ஜம்முவை அடையும்போது டேங்க் கால் பங்கில் இருக்க வேண்டும். அங்கே, உள்ளூர் லாரிகள் நிரப்பும் பங்க்கில் முழுதாக நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். மைனஸ் 33 வரை தாங்கும் தனி டீசலை 2019 முதல் இந்தியன் ஆயில் நிறுவனம் வழங்குகிறது; அது லடாக் பகுதியின் குளிருக்காக உருவானது, எங்கள் வழிக்கு அது தேவைப்படவில்லை. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கத்தை முற்றாகத் தடுத்தோம், பி.எஸ். 6 வண்டியின் இன்ஜெக்டருக்கும் புகைச் சுத்திகரிப்பு அமைப்புக்கும் அது கேடு.

புகைச் சுத்திகரிப்புக்குப் பயன்படும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்து விரிவடையும். அதனால் அந்த டேங்கை விளிம்பு வரை நிரப்பாமல் இடம் விட வேண்டும். எங்கள் வண்டியில் அந்த டேங்கைச் சூடேற்றுவது எஞ்சினிலிருந்து வரும் கூலன்ட்தான். கூலன்ட் ஓடாவிட்டால் யூரியாவும் இளகாது.

டயர் காற்றைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும், ஏனெனில் இதில் ஓட்டுநர்களும் நானும் நீண்ட நேரம் வாதிட்டோம். இங்கே 32 டிகிரியில் 120 வைத்தால், மைனஸ் 5-இல் அது 104 ஆகக் குறையும். காற்று கசியவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது. அங்கே காலையில், வண்டி ஓடும்முன், மீண்டும் 120-க்கு ஏற்ற வேண்டும். ஏற்றிய காற்றோடு தெற்கே திரும்பினால் அதே டயர் 138-ஐத் தொடும். ஆகவே திரும்பும் வழியில் பஞ்சாபிலும் நாக்பூரிலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஏற்றுவதை நினைவில் வைப்பவர்கள் இறக்குவதை மறப்பார்கள் என்பதால் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தோம்.

பனிச்சங்கிலி இரண்டு ஜோடி வாங்கினோம். சங்கிலியைப் பையோடு கொடுத்தனுப்பினால் அது பையிலேயே இருக்கும். ஷெட் முற்றத்தில், நல்ல வெயிலில், உள்ளங்கை சுடும் சங்கிலியை இரட்டை டயர்மேல் போட்டுப் பழகினார்கள். முதல் முறை 50 நிமிடம் ஆயிற்று. நான்காம் முறை கையுறையோடு 20 நிமிடம். "கையுறை போட்டா கொக்கி புடிபட மாட்டேங்குது மாமா" என்று இளையவர் சொல்ல, கொக்கிகளுக்கு ஒரு சாண் கம்பி வளையம் கட்டித் தந்தோம்.

மனிதர்களுக்கான ஏற்பாட்டை முதலில் எழுதியிருக்க வேண்டும். கேஸ் அடுப்பைக் கேபினுக்குள் வைக்கவே கூடாது என்று இருவரிடமும் நேரில் பேசினேன். ஏன் என்பதையும் அவர்களுடைய அந்த இரவை வைத்தே சொன்னேன். குளிருக்குரிய தூக்கப்பைகள், உள்ளாடைகள், கம்பளிக் காலுறைகள் வாங்கினோம். மைனஸ் 10-க்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்தால் லாட்ஜில் அறை எடுக்கலாம், செலவு ஷெட்டுடையது என்று எழுத்தில் கொடுத்தோம்.

இரண்டாம் பயணம்

ஜனவரி மாதத்தின் நடுவில் வண்டி மீண்டும் காசிகுண்டை அடைந்தது. உதம்பூரில் இம்முறை இரண்டு இரவு நிற்க நேர்ந்தது. பள்ளத்தாக்கில் நின்ற முதல் இரவில் கைபேசி மைனஸ் 9 காட்டியது. இருவரும் அறை எடுத்துத் தங்கினார்கள். காலையில் செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. ஏர் ஏறுவதற்கு வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடித்தது, பிரேக் ஒட்டவில்லை. பனிஹாலுக்கு முன் ஓரிடத்தில் மட்டும், சாலையில் உறைந்திருந்த பனிக்காகச் சங்கிலி போட்டு நான்கு கிலோமீட்டர் ஓட்டினார்கள். சரக்கு குறித்த நாளில் இறங்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. முன்கண்ணாடியைக் கழுவும் சிறு தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தது. அது உறைந்து தொட்டி பிளந்துவிட்டது. சேறும் உப்பும் கலந்து எதிர்வண்டிகள் வாரியடித்த சாலையில், ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் நிறுத்தி, ஃபிளாஸ்க் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. மூத்தவர் ஒரு வளைவில் எதிரே வந்த டேங்கரைக் கடைசி நேரத்தில்தான் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவதாக, பஞ்சாபில் மழையில் நனைந்த தார்ப்பாய்க் கயிறுகள் இரும்புக் கம்பிபோல் விறைத்து, ஒரு முடிச்சையும் அவிழ்க்க முடியாமல் ஆறு இடங்களில் அறுக்க நேர்ந்தது.

இனி மாற்ற வேண்டியவை

கண்ணாடித் தொட்டிக்கு உறையாத கழுவுநீரும், தார்ப்பாய்க்கு முடிச்சுக் கயிற்றுக்குப் பதில் ராட்செட் பட்டையும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பட்டை நனைந்தாலும் நெம்பித் தளர்த்த முடியும்.

முதல் பயணத்தில் என் முடிவு மாறியதற்குக் கிரேன் வாடகையே காரணம் என்பதால், சரக்கு வாங்குபவரோடு செய்யும் பேச்சிலேயே, பனிக்காலத்தில் வண்டி தளத்துக்குள் வந்து நின்ற பிறகே கிரேனை அழைக்க வேண்டும் என்று இப்போது எழுதி வாங்குகிறோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாமா என்பதில் இறுதிச் சொல் வண்டியருகே நிற்பவருடையது. தொலைபேசியில் இருப்பவர் யோசனை மட்டுமே சொல்லலாம் என்ற விதியை உரிமையாளர் முன்னிலையில் ஏற்றுக்கொண்டேன்.

கூலன்ட் அளவி ஒன்றை ஷெட்டுக்கென்று வாங்கி, வடக்கே போகும் எல்லா வண்டிகளிலும் சோதித்தோம். பதினான்கு வண்டிகளில் ஒன்பது, மைனஸ் 10-ஐக்கூடத் தாங்காத நிலையில் இருந்தன. இவை போக இன்னும் இரண்டில் இருந்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அவற்றை நிரப்பியது எந்த ஓட்டுநரும் அல்லர், எங்கள் ஷெட்தான். அந்தப் பதினோரு வண்டிகளையும் வடித்து, கலவையை மாற்றும் வேலை பொங்கலுக்கு முன் முடிந்தது.